லே

பள்ளிக்கூட விண்ணப்பத்தில்
'முத்தாள்' என்று எழுதினார் குமாஸ்தா.
"நம்ம பக்கத்துப் பேராட்டவே இருக்குதுங்க,
இப்படியே போட்டுக்கலாமுங்க."
நான் சரி என்று தலையாட்டுவதற்குள்
மேசைமேல் ஒரு கை வந்தது.
அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து
"லே" என்றாள்.
அவர் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
"முத்தாலே. லே."
வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து
திருத்தி எழுதும்வரை விரலை எடுக்கவில்லை.

ரிக் வண்டியோடு ஜாம்பியா போயிருந்த என் வீட்டுக்காரர்
கசாமா பக்கத்தில் ஒரு விடுதிக்கு போர் போட்டார்.
நூற்று எண்பதாவது அடியில் தண்ணீர்.
பிள்ளைகளெல்லாம் சேற்றில் குதிக்க
ஆறு வயதுக்காரி ஒருத்தி மட்டும்
கம்ப்ரஸர் பக்கம் நின்றுகொண்டு
விரல்களைக் காட்டினாளாம்:
ஒன்பது ராடு.
இவர் நோட்டிலும் ஒன்பதுதான்.
அன்றிரவு போனில் அதை மூன்று தரம் சொன்னார்.
எனக்கு விளங்கிவிட்டது.
அவருக்கு விளங்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

காகிதங்கள் நகர மூன்று வருடம்.
சீல், நோட்டரி, மறுபடியும் சீல்.

"பால்குடி மாறாத வயசுல எடுத்திருந்தா
ஒட்டியிருக்கும் அம்மிணி,
இது வெவரந் தெரிஞ்ச புள்ளையாச்சே"
என்றாள் பாவாத்தாளக்கா.
விவரம் தெரிந்த பிள்ளைதான்.
வந்த முதல் நாளே குழாயைத் திறந்து
காற்று மட்டும் வருவதைக் கேட்டுவிட்டு
இவரைத் திரும்பிப் பார்த்தாள்.
ஊரெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் வீட்டில்
ஆயிரத்து நூறு அடியிலும் புழுதி.
திருச்செங்கோட்டில் இதை யாரும் கேட்பதில்லை.
அன்று சாயங்காலம் டேங்கர் வந்தபோது
குடத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கியவள் அவள்.

முழங்காலில் ஒரு தழும்பு. கேட்டேன், தோளைக் குலுக்கினாள்.
நான்கு பால்பற்கள் மிச்சம் வைத்திருந்தாள்.
மற்றவையெல்லாம் யார் கையில் விழுந்தனவோ.

தலை வாரத் தெரியாமல் இரண்டு சீப்பு ஒடித்தேன்.
மூன்றாவதை அவளே பிடுங்கிச் சுவரில் எறிந்தாள்.
நான்கு நாள் பேச்சில்லை, எந்த மொழியிலும்.
இந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை என்று
ஒரு செவ்வாய்க்கிழமை காலை தோன்றியது.
யாரிடமும் சொல்லவில்லை.
துணியை வாளியில் முக்கி முக்கி எடுத்தேன்.
புதன்கிழமை,
விடுதியில் இருக்கும் ப்வால்யா என்ற பெரிய பெண்
வீடியோவில் எனக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தாள்.
இவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி
திரையைப் பார்த்து ஏதோ சொல்ல
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
என்னைப் பற்றித்தான். இருக்கட்டும்.

ராத்திரியில் விளக்கணைக்கும் முன்னால்
வாசற்படியில் நின்று முணுமுணுப்பாள்.
கடைசியில் ஒரு சொல் மட்டும் எனக்குக் காதில் விழும்:
பத்தாது.
எது பத்தாது?
சோற்றைக் கூட்டி வைத்தேன்.
போர்வை இன்னொன்று வாங்கினேன்.
பகலெல்லாம் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினேன்,
எது பத்தாது, நான் பத்தாதா.

இவர்தான் ஒருநாள் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"தலை எண்றா.
அங்க ராத்திரி பதினாலு பேரை எண்ணிட்டுத்தான்
லைட்டை அணைக்கோணும், அவ முறை.
உமோ, பபிலி, பதாத்து.
ஒருத்தர், ரெண்டு பேரு, மூணு பேரு."

பங்குனியில் ரிக் சத்தீஸ்கர் கிளம்பியது.
அன்றிரவும் வந்து நின்றாள்.
என்னைப் பார்த்து, உமோ.
தன் நெஞ்சைத் தொட்டு, பபிலி.
அதோடு நின்றுவிட்டது.
ஸ்விட்சில் வைத்த கை இறங்கவில்லை.
காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாது," என்றேன்.

"பதாத்து," என்று திருத்தினாள்.

"இல்லை சாமி," என்றேன்,
"பத்தாதுதான்."